காரில் கருகல் வாடை வருகிறது, ஆனால் வெப்ப முள் ஏறவில்லை. எங்கே பார்ப்பது?

பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிய பின்னரே வாடை வருகிறது என்றும், பொனற்றைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை என்றும், கராஜில் கிளச் போய்விட்டதாகச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிச் செய்தியைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுடையதும் என்னுடையதைப் போல் கியர் மாற்றி ஓட்டும் பழைய கார் என்றே எடுத்துக்கொள்கிறேன். கிளச்சுக்குப் பணம் கட்டுமுன் நான்கு சில்லுகளையும் பாருங்கள்.

நான் மெக்கானிக் அல்லன். கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். என் கார் திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மரத்தடியில் நிற்கும். மகளின் பிரசவத்துக்காக நாங்கள் கொழும்பில் தங்கியிருந்த நான்கு மாதமும் அது அசையவே இல்லை. திரும்பி வந்து முதன்முறையாகக் கந்தளாய்க்குப் புறப்பட்டு, சீனக்குடாவைத் தாண்டியதும் மனைவி, "இஞ்சருங்கோ, என்னவோ கருகுது, என்ட பக்கத்தாலதான் வருது" என்றார். அடுத்த வீட்டில் பால் அடிப்பிடித்தாலும் எங்கள் குசினியிலிருந்தே சொல்லிவிடும் மூக்கு அவருடையது. நானோ வீதியோரம் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

மறுநாள் கராஜில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா கிளச்சில காலை வச்சுக்கொண்டே ஓடுறீங்கள் போல" என்றார்கள். முப்பத்தொரு வருடமாகக் கார் ஓட்டுகிறவனிடம் இப்படிச் சொன்னால் எங்கே சுடும் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும், எரிந்த கிளச்சின் வாடையும் எரிந்த பிரேக்கின் வாடையும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டிலும் உராய்ந்து சூடேறுவது ஒரே வகைப் பூச்சு என்பதால், அவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிளச் வழுக்கினால், மேல் கியரில் அக்சிலரேற்றரை மிதிக்கும்போது எஞ்சின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. என் காரில் அப்படி எதுவும் இல்லை. அதைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. 62,000 ரூபா கொடுத்தேன். பழைய கிளச் தட்டைக் காட்டச் சொன்னபோது, அதை அன்றே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். நம் பணத்தில் மாற்றிய உதிரிப்பாகத்தை நம் கண்ணில் காட்டாமல் எறிவதற்கு இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது பயணத்திலேயே வாடை திரும்பி வந்தது. கந்தளாயில் தேநீருக்காக நிறுத்தியபோது, மனைவி குடித்து மீதி வைத்த தண்ணீர்ப் போத்தலுடன் காரைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சில்லின் றிம்மிலும் சில துளிகள் தெளித்தேன். மூன்றில் தண்ணீர் வழிந்து நிலத்தில் சொட்டியது. முன் இடது சில்லில் மட்டும் 'சுர்' என்று ஆவியாகி, வெண்மையான உப்புப் பொட்டுகள் மிஞ்சின. மனைவியின் இருக்கைக்கு நேர் முன்னால் இருக்கும் சில்லு அதுதான்.

வேறொரு மெக்கானிக் ஜாக் வைத்துத் தூக்கியபோது அந்தச் சில்லைக் கையால் சுற்றவே முடியவில்லை; பிரேக் விடாமல் பிடித்தபடியே இருந்தது. அடுத்து அவர் செய்ததை நீங்களும் கேட்டுச் செய்விக்கலாம்: பிரேக் ஒயில் வெளியேறும் சிறிய நிப்பிளைச் சற்றுத் தளர்த்தினார். உடனே சில்லு விடுபட்டிருந்தால், ஒயில் திரும்ப வழியில்லாமல் அழுத்தம் அடைபட்டிருக்கிறது, அதாவது பிரேக் ஒயில் செல்லும் இறப்பர்க் குழாயிலோ, பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரிலோ கோளாறு என்று பொருள். விடுபடவில்லை என்பதால், சில்லோடு சுற்றும் தட்டின் இருபுறமும் பாட் எனும் உராய்வுக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் கலிப்பரைக் கழற்றினார். கலிப்பர் வழுக்கிச் செல்ல வேண்டிய இரண்டு பின்களில் கீழ்ப்பின்னின் இறப்பர் உறை கிழிந்து, உள்ளே துரு செங்கல் தூள் போலக் கட்டிப் பிடித்திருந்தது. உட்பக்கப் பாட் தகரம் தெரியத் தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பாட்டில் பாதி மிச்சம் இருந்தது. அந்தப் பின்னையும் உறையையும் பாட்டுகளையும் மாற்றினார். பிரேக்குக்குரிய சிலிக்கன் கிறீஸையே பூசச் சொல்லுங்கள். சாதாரணக் கிறீஸ் அந்த இறப்பரை ஊதவைத்துவிடும்.

உப்புக் காற்றுத்தான் காரணம் என்றால் திருகோணமலையில் எல்லாக் கார்களும் அல்லவா கருக வேண்டும் என்று யாராவது கேட்கக்கூடும். பின்னின் உறை கிழிந்திருந்த நிலையில், ஈரக் காற்றில், கார் நான்கு மாதம் அசையாமல் நின்றது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வாடைதானே என்று ஓட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 ஆகவே இருக்கலாம். அது கொதித்தால் பெடல் மிதித்தபடியே உள்ளே போய்விடும். ஆகவே பாட் மாற்றும்போது பழைய ஒயிலையும் மாற்றிவிடுங்கள்.

நான்கு சில்லுகளும் ஒரே அளவு சூடாக இருந்தால் நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. அப்போது சூடான புகைபோக்கிக் குழாயில் ஒயில் சொட்டுகிறதா, பொலித்தீன் பை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்ரிக் உருகும் வாடை என்றால் மட்டும் ஆராய வேண்டாம்; எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிடுங்கள், புகை இல்லை என்றால் மாத்திரம் பற்றரி வயரைக் கழற்றுங்கள்.

வேலை முடிந்த மறுநாள் மீண்டும் கந்தளாய் வரை ஓடி, அதே தேநீர்க் கடையில் நிறுத்தினோம். போத்தலை எடுத்துக்கொண்டு இந்த முறை மனைவியே இறங்கினார்.