சொரியாசிஸால் எடை கூடியதா, எடையால் சொரியாசிஸ் வந்ததா?

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு வருடங்களாக முழங்கை, முழங்கால், தலையில் சொரியாசிஸ் (தோல் சிவந்து செதில் செதிலாக உரியும் நோய்) இருக்கிறது. வெளியே போகக் கூச்சப்பட்டு நடைப்பயிற்சியை விட்டுவிட்டேன், எடை ஏறிவிட்டது. தோல் மருத்துவரோ, எடையைக் குறைத்தால் தோலும் அடங்கும் என்கிறார். நோயால்தானே எடை வந்தது? மரபணுவை வைத்து இதற்கு விடை கண்டுவிட்டதாகப் படித்தேன். நானும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா, டாக்டர்?

பதில்: விதை முந்தியா, மரம் முந்தியா என்று மருத்துவர்களும் வெகுகாலம் குழம்பிய விஷயம்தான். சொரியாசிஸ் உள்ளவர்களில் பருமனானவர்கள் அதிகம் என்பது பழைய செய்தி. ஆனால் உங்களைப் போல, கூச்சம் ஆளை வீட்டுக்குள் முடக்கியதால் எடை கூடியிருக்கலாம். மது போன்ற வேறொன்று இரண்டையும் கிளப்பிவிட்டிருக்கலாம். நோயாளிகளை எண்ணிப் பார்ப்பதால் மட்டும் இது தீராது.

மரபணு இங்கேதான் கைகொடுக்கிறது. அப்பாவிடமிருந்து எது, அம்மாவிடமிருந்து எது என்பது கரு உருவாகும்போதே திருவுளச்சீட்டுப் போல விழுந்துவிடுகிறது. எஃப்டிஓ என்ற மரபணுவில் ஒரு வகையை 2007-இல் கண்டறிந்தார்கள். அதைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அறவே பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருக்கிறார்கள். எடையைக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டும் இப்படிப்பட்ட வகைகள் பல. பிற்பாடு வந்த தோல் நோயோ கூச்சமோ இந்தச் சீட்டைத் திருத்தி எழுத முடியாது. ஆகவே எடைச் சீட்டு அதிகம் விழுந்தவர்களுக்குச் சொரியாசிஸும் அதிகம் வருகிறது என்றால், எடையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிரிட்டன், நார்வே தரவுகளை உள்ளடக்கி ஏறத்தாழ 7.5 லட்சம் பேரிடம் இப்படிப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளியானது. உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ என்ற அளவு ஒரு புள்ளி (நடுத்தர உயரத்துக்குச் சுமார் 3 கிலோ) கூடினால் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு 9 சதவீதம் கூடுகிறது. திருப்பிப் போட்டும் பார்த்தார்கள்: சொரியாசிஸ் மரபணுக்கள் எடையைக் கூட்டியதற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது என்பதோடு இது பொருந்துகிறது. சொரியாசிஸும் ஓர் அழற்சி நோய்தான்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. ஒரே மரபணு, எடையைத் தொடாமல் வேறு வழியில் தோலைப் பாதித்திருந்தால் கணக்கு தப்பும். ஆனால் எடை குறைத்த நோயாளிகளுக்குச் செதில்கள் ஓரளவு குறைந்ததை நேரடிச் சிகிச்சைச் சோதனைகளும் காட்டியிருப்பதால், உங்கள் மருத்துவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

அதற்காக, ‘நானே இழுத்துவிட்டுக் கொண்டேன்’ என்று நொந்துகொள்ளாதீர்கள். ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது. எடைக்குச் சம்பந்தமில்லாத, எதிர்ப்புச் சக்தி சார்ந்த மரபணுக்களின் பங்கு பெரியது. நீங்கள் சொல்லும் கூச்சமும் பொய்யல்ல. உங்கள் ஒருவருடைய எடை ஏறியதற்கு அது காரணமாக இருந்திருக்கலாம். ஆய்வு சொல்வது கூட்டத்தின் சராசரியை.

சரி, பரிசோதனை? வேண்டாம். ஒவ்வொரு மரபணு வகையின் பங்கும் துளி. லட்சக்கணக்கானோரைச் சேர்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். உங்களுக்கு எடை பார்க்கும் மெஷினே போதும். மருந்தை நிறுத்தாமல் நடையை மறுபடி தொடங்குங்கள். காலையில் விரல்களிலோ மூட்டுகளிலோ விறைப்பும் வலியும் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும்.