சட்டத்தரணியிடம் கேளுங்கள்: வாதம் எங்கே தம்பி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தொழில் தொடங்கி இரண்டு வருடமான சட்டத்தரணி நான். தாய் இரு பிள்ளைகளுக்கும் நன்கொடை உறுதி எழுதிய நான்கு பரப்புக் காணி. வெளிநாட்டிலுள்ள தங்கை இப்போது பங்கு கேட்டு வழக்கு வைத்திருக்கிறா. என் கட்சிக்காரரான தமையன், 18 வருடம் தானே ஆண்டதால் முழுதும் தனது என்கிறார். வழக்கு விளக்கம் (விசாரணை) அடுத்த மாதம். 22 பக்க வாதக் குறிப்பை சீனியரிடம் கொடுத்தேன். "வாதம் எங்கே தம்பி?" என்று திருப்பித் தந்துவிட்டார். எங்கே பிழைத்தேன்?

பதில்: குறிப்பை நான் பார்க்கவில்லை. ஆனாலும் முதற்பக்கம் தெரியும். ஆட்சியுரிமை, அதாவது நீண்டகாலம் ஆண்டு காணியைச் சொந்தமாக்கும் உரிமை, பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 3ஆம் பிரிவு, பத்து வருடம். பிறகு தமையன் கிணறு இறைத்தது, கதியால் போட்டது, தென்னை வைத்தது. நானும் அப்படி எழுதித் திரிந்தவன்தான்.

தங்கை அயலவர் இல்லை, பங்குக்காரி. ஒரு பங்குக்காரர் ஆண்டால் எல்லாரும் ஆண்ட மாதிரி; மனதுக்குள் "இது எனக்கு மட்டும்" என்று நினைத்தால் போதாது, மற்றவரை வெளியேற்றியதற்குச் சமமான செயல் வேண்டும் என்று 1911இல் கொறையா எதிர் இசெறிஸ் அப்புஹாமி வழக்கில் அப்போது எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் சொல்லிவிட்டது. நீதிபதி உமது முதல் வசனத்திலேயே அதைத்தான் நினைப்பார். அதை 19ஆம் பக்கத்தில் வைத்தால் யார் காத்திருப்பது?

ஆகவே இப்படித் தொடங்கும்: "தங்கை பங்குக்காரி என்பதை ஏற்கிறோம். தனக்கு இனிப் பங்கில்லை என்று எந்தத் திகதியில், எந்தச் செயலால் அவ அறிந்தா என்பதே கேள்வி." நிரூபிக்கும் பாரம் உம்முடைய பக்கம். தங்கை கேட்டும் தமையன் பங்கு மறுத்த கடிதம் உண்டா? அந்தத் திகதியிலிருந்து பத்து வருடம் எண்ணும். செயல் இல்லாவிட்டாலும், நீண்ட தனி ஆட்சியும் சூழ்நிலையும் சேர்ந்தால் வெளியேற்றத்தை ஊகிக்கலாம் என்ற 1918ஆம் ஆண்டின் திலகரட்ண எதிர் பஸ்தியன் தீர்ப்பு இருக்கிறது. 18 வருடத்தை மட்டும் வைத்து அதில் தொங்க வேண்டாம்.

ஒன்று கட்டாயம் கேளும்: தங்கைக்கு எப்போதாவது குத்தகைக் காசு அனுப்பினாரா? என் கட்சிக்காரர் ஒருவர் "உன்ரை பங்குக் காசு" என்று கைப்பட எழுதிய கடிதத்தை நான் குறுக்கு விசாரணையில்தான் முதன்முதலாகக் கண்டேன். அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவ வெளிநாட்டில் சுகமாக இருக்கிறா" என்ற பந்தி இருந்தால் வெட்டும்.

திகதியே அகப்படாவிட்டால், தமையனை நில அளவையாளரிடம் கூட்டிப்போய் இரண்டிரண்டு பரப்பாகப் பிரிக்க வழி பாரும். கிணறு ஆருக்கு என்பதில்தான் சண்டை வரும்.