சென்னைக்கு எந்த ஆமை? வெயிலை விடுங்கள், ஐப்பசியைப் பாருங்கள்

சென்னையில் தனி வீடு, பின்னால் கொஞ்சம் தோட்டம், நம் ஊர் வெயிலுக்கு எந்த நில ஆமை தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் ஊருக்கென்றே அமைந்த ஆமை ஒன்று உண்டு: நட்சத்திர ஆமை. தமிழ்நாடு, ஆந்திரம், குஜராத், ராஜஸ்தான், இலங்கை என்று முள்ளும் புதரும் உள்ள காடுகளில் வாழ்வது. கொளுத்தும் வெயிலில் புதருக்கடியில் அடங்கிக் கிடக்கும், மழை விழுந்ததும் சுறுசுறுப்பாகிவிடும். ஆனால் அதை வளர்க்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று பழமொழி சொல்வார்களே, இந்த ஆமை விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும்.

ஆக, வெளிநாட்டு இனங்கள்தான். இங்கேதான் எங்கள் குடும்பம் சறுக்கியது.

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒரு தோட்ட வீடு இருக்கிறது. அவர் மகன் உள்ளங்கை அளவில் ஒரு சல்கேட்டா குட்டி வாங்கி வந்தான். "ஆப்பிரிக்கா ஆமை, பாலைவன ஓரத்துல இருக்கறது, உங்க வெயில் அதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றாராம் விற்றவர். பொய் இல்லை. சித்திரை, வைகாசி முழுக்க அது ஜம்மென்று இருந்தது. அருகம்புல்லை ஆடு மாதிரி மேய்ந்தது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நான்கு நாள் தரை காயவே இல்லை. தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன்: மூக்கில் நுரை, வாயைத் திறந்து திறந்து மூச்சு, கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார் கால்நடை மருத்துவர். இரண்டு வாரம் ஊசி, சூடு கொடுக்கும் விளக்கு, சித்தியின் புலம்பல். எப்படியோ பிழைத்துக்கொண்டது.

அதன் சொந்த ஊரான சஹாரா தென்விளிம்பிலும் மழைக்காலம் உண்டு, ஆனால் வெப்பம் குறையாமல் பெய்யும் சில மாத மழை. நம் கார்த்திகை, மார்கழி மாதிரி ஈரத்தரையும் குளிர்ந்த ராத்திரியும் சேர்ந்தே வருவது அதற்குப் பழக்கமில்லை. ஆமையின் உடம்பு வெளிச்சூட்டை நம்பியே ஓடுகிறது. உடம்பு குளிர்ந்தால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் சேர்ந்தே மந்தமாகும், கூடவே ஈரமும் இருந்தால் நெஞ்சில் சளிதான். அதனால் உச்சி வெயில் எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்பதில் பயனில்லை. அந்த இனத்தின் ஊரில் வருஷத்திலேயே மோசமான மாதம் எப்படி இருக்கும் என்று பாருங்கள், அதை நம் மழை மாதங்களோடு வைத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் கிரேக்க ஆமை, ஹெர்மன் ஆமை எல்லாம் சென்னைக்கு வேண்டாம். மத்தியத்தரைக்கடல் பக்கத்து ஆமைகள் அவை, குளிர்காலத்தில் உறங்கப் பழகியவை, நம் புழுக்கத்தில் அவதிப்படும். மத்திய ஆசியாவின் ரஷ்ய ஆமையும் அப்படித்தான், ஆண்டின் பெரும்பகுதி வளைக்குள் படுத்திருக்கும் இனம். (1968-ல் சோவியத் விண்கலத்தில் நிலாவைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பியவை இந்த இனம்தான். அதையும் தாங்கியது, ஆனால் சென்னைப் புழுக்கத்தைத் தாங்கும் என்று நான் நம்பவில்லை.)

எனக்குச் சரியென்று படுவது தென் அமெரிக்காவின் சிவப்புக்கால் ஆமை. காட்டோரத்தின் ஈரமும் வெதுவெதுப்பும் அதற்குச் சொந்த வீடு, குளிர்கால உறக்கம் கிடையாது. ஓரடியைச் சற்றுத் தாண்டி வளரும், அவ்வளவுதான். பிரச்சினை தலைகீழ்: அக்னி நட்சத்திர நாட்களில்தான் கவனம் தேவை. அடர்ந்த நிழல், தினமும் தண்ணீர் தெளித்த மண், உடம்பு நனைய ஆழமில்லாத ஒரு தட்டுத் தண்ணீர். மழை மாதங்களில் மேடான, காய்ந்த ஒரு கூரை. இலை, கீரையோடு பழமும் கொஞ்சம் சாப்பிடும்.

எதை வாங்கினாலும் ரசீதோடு வாங்குங்கள், மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யுங்கள். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் பட்டியலில் எல்லா நில ஆமைகளும் உள்ளன, பதிவு கட்டாயம். அப்புறம், கடைத் தொட்டியில் நீந்தும் காதோரம் சிவப்புப் பட்டை போட்ட பச்சைக் குட்டி நில ஆமையே அல்ல. தமிழில் எல்லாவற்றுக்கும் 'ஆமை' என்று ஒரே சொல் இருப்பதால் பலர் அதை வாங்கிக்கொண்டு வந்து மண்ணில் விடுகிறார்கள்.

சித்தப்பா வீட்டுச் சல்கேட்டா இப்போது துணி துவைக்கும் அன்னக்கூடை அளவு. போன வருஷம் மதில் சுவரின் அடியில் வளை தோண்டிப் பக்கத்து மனையில் எட்டிப் பார்த்தது. இன்னும் அரை நூற்றாண்டு தாராளமாக வாழும். வாங்கிய தம்பி வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். மழைக்கு முன்னால் அதன் கொட்டகைக்கு வைக்கோல் மாற்றுவது இப்போது சித்திதான்.