இரண்டு வெளிர் சாம்பல்களில் எதை அடிப்பது?

கேள்வி: படுக்கையறைச் சுவருக்கு இரண்டு வெளிர் சாம்பல் பெயின்ட் ஷேடு கார்டுகள் எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. வீட்டில் பார்த்தால் ஒன்று லேசாக ஊதா அடிக்கிறது. அறையில் தேன்நிற மர அலமாரி இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: ஊதா உங்கள் கண்ணில் பட்டுவிட்டது அல்லவா, பாதி வேலை முடிந்தது. சாம்பல் என்று விற்பவற்றில் பெரும்பாலானவற்றில் நீலமோ பச்சையோ ஊதாவோ ஒளிந்திருக்கும். கார்டை வெள்ளைத்தாள் மேல் வைத்தால் அது வெளியே வந்துவிடும். கடையில் ஒன்றுபோலத் தெரிந்ததும் உங்கள் கண்ணின் தவறில்லை. இரண்டு பெயின்டிலும் கலந்திருக்கும் நிறமிகள் வேறு. ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொன்றில் பிரிந்துவிடும்.

கார்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று வெளிச்சத்தை எறிவதால், கார்டில் லேசாக இருந்த சாயல் அறையில் கூடிவிடும். இரண்டடிச் சதுரத்தில் இரண்டு அட்டைப் பலகை வாங்கி, வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) மேல் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்ப்பது நிஜ நிறம் அல்ல. சுவரிலேயே திட்டுத் திட்டாக அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அப்புறம் பலகைகளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஜன்னல் இருக்கும் சுவரில் கட்டாயம் வையுங்கள், வெளிச்சம் நேராக விழாத சுவர் அதுதான். காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். படுக்கையறையைப் பெரும்பாலும் இரவில்தானே பார்க்கப்போகிறீர்கள்? பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: 2700 கெல்வின் பல்பு மஞ்சளாக எரியும், 6500 நீலம் கலந்த வெள்ளை. பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் பாருங்கள்.

சில கார்டுகளில் எல்ஆர்வி என்று 0 முதல் 100 வரை ஓர் எண் இருக்கும், வெளிச்சத்தை எவ்வளவு திருப்பித் தரும் என்பதன் கணக்கு. ஒன்றிரண்டு எண் வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அறையில் முடிவு சொல்லப்போவது அந்த அலமாரிதான். மஞ்சள் பக்கத்தில் ஊதா இன்னும் தூக்கலாகத் தெரியும். ஊதாப் பலகையை அலமாரியை ஒட்டி வைத்து, இரவில் வாசலில் நின்று பாருங்கள். உறுத்தவில்லை என்றால் சரி, அதையே அடிக்கலாம். நானாக இருந்தால் மற்றதைத்தான் எடுப்பேன்.