வாசகர் கேள்வி பதில்: வளையத்துக்குள்ளேயே பிறக்கும் வேகம்

கேள்வி: பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களில் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடுகின்றன என்று படித்தேன். அந்த வேகத்தோடுதான் அவை சூரியனிலிருந்து வருகின்றனவா?

பதில்: இல்லை. சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றில் வரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பெரும்பாலும் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் (நுண்துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) மட்டுமே. பூமியின் உள், வெளி என்ற இரு வளையங்களில் வெளி வளையத்திலோ 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் கொண்டவை, அதாவது ஒளி வேகத்தில் 94 விழுக்காட்டைத் தாண்டியவை, ஏராளமாக உள்ளன. 1958-இல் எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோளின் கெய்கர் கருவி (கதிர்வீச்சை எண்ணும் கருவி) வழியே ஜேம்ஸ் வான் ஆலன் இவ்வளையங்களைக் கண்டறிந்தபோதே, இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் பிறந்துவிட்டது.

எலக்ட்ரான்கள் வெளியிலிருந்து பூமியை நோக்கி நகரும்போது, வலுக்கூடிவரும் காந்தப்புலத்தில் மெல்ல மெல்ல ஆற்றல் பெறுகின்றன என்பது நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்த விளக்கம். அது தவறன்று, ஆனால் போதாது. 2012 ஆகஸ்டில் நாசா ஏவிய இரட்டை வான் ஆலன் ஆய்வுக்கலங்கள், அதே ஆண்டு அக்டோபரில் வீசிய காந்தப் புயலின்போது (சூரியக் காற்றின் தாக்கத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்கும் நிகழ்வு) எடுத்த அளவீடுகளில், எலக்ட்ரான்களின் பெருக்கம் வளையத்தின் ஓரத்தில் தொடங்காமல் அதன் நடுப்பகுதியிலேயே தொடங்கியது தெரிந்தது. முடுக்கும் பொறி உள்ளேயே இருக்கிறது.

அந்தப் பொறி ‘கோரஸ்’ எனப்படும் பிளாஸ்மா அலை, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களாலான வாயுவில் (பிளாஸ்மாவில்) எழும் மின்காந்த அலை. எலக்ட்ரான் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி அக்கோட்டின் வழியே முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்த்திசையில் வரும் அலையின் மின்புலமும் அதே போக்கில் சுழல்வதால், எதிரெதிரே நெருங்குவதால் (டாப்ளர் விளைவு) கூடித் தெரியும் அலையின் அதிர்வெண் எலக்ட்ரானின் சுழற்சிக்கு ஈடாகும் கணத்தில், எலக்ட்ரானின் பார்வையில் அந்த மின்புலம் சுழலாமல் ஒரே பக்கமாக நின்று தள்ளுவதுபோல் ஆகிவிடுகிறது. அந்தக் கணத்து நிலையைப் பொறுத்து ஆற்றல் கூடலாம், குறையவும் செய்யலாம். ஆயினும் பல்லாயிரம் சந்திப்புகளுக்குப் பிறகு எலக்ட்ரான்களில் ஒரு பகுதி மிக உயர்ந்த ஆற்றலை எட்டிவிடுகிறது.

இந்த அலைக்கு ஆற்றல் தருபவையும் எலக்ட்ரான்கள்தாம் என்பதே எனக்கு இதில் மிகவும் சுவையாகப் படுவது. புயலின்போது பூமியின் இரவுப் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளப்படும், சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே கொண்ட எண்ணற்ற எலக்ட்ரான்கள் கோரஸை எழுப்புகின்றன. பலரிடம் தண்டிய வரி ஒரு சிலரின் கைக்குப் போய்ச் சேருகிறது.

கேள்வி: அலைகள் எலக்ட்ரான்களை வளர்க்க மட்டுமா செய்கின்றன?

பதில்: அழிக்கவும் செய்கின்றன. ஆற்றலை மாற்றும் அதே மோதல் எலக்ட்ரானின் ஓட்டத் திசையையும் சாய்க்கிறது. புலக்கோட்டோடு மிக நெருங்கிச் சாய்ந்துவிட்டால், அது திரும்பிவர இயலாமல் வளிமண்டலத்தில் விழுந்து மறையும். பூமியை ஒட்டிய அடர்ந்த பிளாஸ்மாப் பகுதியில் ‘ஹிஸ்’ என்ற அலை இவ்வேலையை இடைவிடாது செய்வதால்தான் உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே வெற்றிடம் போன்ற ஓர் இடைவெளி காணப்படுகிறது.

கேள்வி: பிற கோள்களிலும் இத்தகைய கதிர்வீச்சு வளையங்கள் உண்டா?

பதில்: வலுவான காந்தப்புலம் உள்ள வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றில் உண்டு, கோள் முழுவதற்குமான காந்தப்புலம் இல்லாத வெள்ளியிலும் செவ்வாயிலும் இல்லை. வியாழனில்தான் இவை மிகக் கடுமையானவை: அங்குள்ள எலக்ட்ரான்கள் உமிழும் ரேடியோ அலைகளை 1950-களிலேயே பூமியிலிருந்து பிடித்துவிட்டார்கள். சனியில், அக்கோளுக்குப் பெயர்பெற்ற பனி வளையங்களில் உட்புறத்தவற்றின் துகள்கள் எலக்ட்ரான்களை விழுங்கிவிடுவதால், அந்த வளையங்கள் இருக்கும் பகுதியில் கதிர்வீச்சு அடியோடு குறைந்துவிடுகிறது.