வட்டி குறைந்தது, என் தவணை ஏன் குறையவில்லை?

கேள்வி: மத்திய வங்கி இந்த ஆண்டு இரண்டு முறை வட்டியைக் குறைத்தது. என் வீட்டுக் கடனின் மாதத் தவணை ஒரு காசுகூடக் குறையவில்லை. ஆனால், முதிர்ந்த வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போனால், பழைய வட்டி கிடையாது என்கிறார்கள். சிறிய அச்சகம் நடத்துகிறேன். வட்டி இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் கடன் வாங்கிப் புதிய இயந்திரம் போடலாமா?

பதில்: தவணைத் தொகையைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள். கடன் கணக்கின் அறிக்கையை எடுத்து, ‘மீதமுள்ள தவணைகள்’ என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் தவணையைத் தொடாமல், கடன் காலத்தை மட்டும் நீட்டவோ குறைக்கவோ செய்யும் வழக்கம் பல வங்கிகளில் உண்டு. உங்களுக்கு வரவேண்டிய பலன் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம்.

அது சின்னப் பலன் அல்ல. 30 லட்சம் கடன், 20 ஆண்டு, 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். மாதத் தவணை 26,992. தொடக்கத்திலேயே வட்டி 8 சதவீதமாக இறங்கினால் தவணையை 25,093 ஆக்கிக்கொள்ளலாம். மாதம் 1,899 மிச்சம். மாறாக, பழைய தவணையையே கட்டிக்கொண்டு போனால் கடன் சுமார் 204 மாதங்களில் முடிந்துவிடும். மூன்று ஆண்டு முன்னதாகவே வீட்டுப் பத்திரம் கைக்கு வரும். மொத்த வட்டியில் தவணையைக் குறைத்துக்கொள்பவருக்கு மிச்சமாவது நாலரை லட்சம். குறைக்காதவருக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம். குடும்பச் செலவு நெருக்காத வரை, தவணை குறையாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். வட்டி 10 சதவீதமாகி, தவணை மாறாமல் நின்றால், 240 மாதக் கடன் 314 மாதங்களாக நீண்டுவிடும். ஒரு சதவீதம் இறங்கினால் மூன்று ஆண்டு லாபம், ஒரு சதவீதம் ஏறினால் ஆறு ஆண்டு நஷ்டம். 10.8 சதவீதத்தில் முதல் மாத வட்டி மட்டுமே 27,000. நீங்கள் கட்டும் 26,992 வட்டிக்கே போதாது. கடன் தீரவே தீராது. இது வெறும் கற்பனை அல்ல. 2022-இல் கனடாவில் வட்டி வேகமாக ஏறியபோது, மாறும் வட்டியும் மாறாத தவணையும் கொண்ட வீட்டுக் கடன்கள் பல இந்த எல்லையைத் தொட்டன. தவணை மாறவில்லை என்று அந்த நாட்களில் நிம்மதியாக இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதைக்கிறது.

மீதமுள்ள மாதங்களும் குறையவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது கடன் ஒப்பந்தம். மத்திய வங்கி அறிவிப்பது வங்கிகளுக்கான குறுகிய கால வட்டியை. அது உங்கள் கடனுக்கு வந்து சேருமா, எப்போது சேரும் என்பதை ஒப்பந்தத்தின் ஓரிரு வரிகள்தான் தீர்மானிக்கின்றன. மாறும் வட்டியா, நிலை வட்டியா? மாறும் வட்டி என்றால் எந்த விகிதத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது? வட்டியைத் திருத்தி அமைக்கும் மறுநிர்ணயத் தேதி எது? வங்கி தானே நிர்ணயிக்கும் உள்விகிதத்தோடு இணைந்த கடனில் ஏற்றம் விரைந்து வரும், இறக்கம் தயங்கித் தயங்கி வரும். இந்தப் புகார் வலுத்ததால்தான் இந்திய ரிசர்வ் வங்கி, 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி விகிதத்தோடு இணைக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுநிர்ணயம் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. உங்கள் கடன் பழைய முறையில் இருந்தால், புதிய முறைக்கு மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். மாற்றுக் கட்டணத்தையும் மிச்சமாகும் வட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நிலை வட்டியில் இருப்பவருக்கு இந்தச் செய்தியால் உடனடி மாற்றம் எதுவும் இல்லை. புதிதாக நிலை வட்டிக் கடன் வாங்கப் போகிறவர் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: நீண்ட கால வட்டி மத்திய வங்கி சொல்வதை அப்படியே கேட்பதில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கி அரை சதவீதம் குறைத்தது. அடுத்த இரண்டு மாதங்களில் அங்கே 30 ஆண்டு வீட்டுக் கடன் வட்டி ஏறியது! அந்த வட்டி, அரசு கடன் திரட்ட வெளியிடும் பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டியை ஒட்டி நடப்பது. விலைவாசியும் அரசின் கடனும் எப்படிப் போகும் என்ற சந்தையின் கணிப்பு அதில் கலந்திருக்கிறது. பிரிட்டனில் 2022 செப்டம்பர் 23 அன்று, ஈடுகட்ட வழி சொல்லாமல் பெரிய வரிக் குறைப்பை அரசு அறிவித்தபோது, பத்திர வட்டி துள்ளியது. சில நாட்களிலேயே கடன் நிறுவனங்கள் வீட்டுக் கடன் திட்டங்களைத் திரும்பப் பெற்றன. நிதிநிலை அறிவிப்பு வீட்டுத் தவணைவரை வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வைப்புத்தொகை விஷயத்தில் வங்கி உங்களை ஏமாற்றவில்லை. முதிர்ந்ததைப் புதுப்பிப்பது என்பது புதிய ஒப்பந்தம். அன்றைய வட்டிதான் கிடைக்கும். இன்னும் முதிராமல் இருக்கும் வைப்புகள் பழைய வட்டியிலேயே ஓடும், அவற்றை அவசரப்பட்டு முறிக்காதீர்கள். கையில் வந்த பணத்தில் ஆறு மாதச் செலவுக்கானதை ஒதுக்கிவிட்டு, மீதியை வீட்டுக் கடன் அசலில் கட்டுவதே பெரும்பாலும் லாபம். வரி போக வைப்பில் கிடைப்பது கடனுக்குக் கட்டும் வட்டியை எட்டுவது அரிது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இயந்திரத்துக்கு வருகிறேன். மத்திய வங்கி ஏன் வட்டியைக் குறைத்தது என்று பாருங்கள். விலைவாசி அடங்கியதால் குறைத்திருந்தால் நல்லது. பொருளாதாரம் மந்தமாகிறது என்று குறைத்திருந்தால், மலிவான கடன் வரும் அதே நேரத்தில் உங்களுக்கு வரும் அச்சு வேலையும் குறையலாம். வாடிக்கையாளர்கள் பில் பணத்தை இழுத்தடிக்கலாம். வட்டிக் குறைப்பு வேலையாகவும் விற்பனையாகவும் மாறப் பல நேரங்களில் ஓராண்டுக்கு மேல் பிடிக்கிறது. இயந்திரத் தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும்.

ஆகவே இப்போது கையில் இருக்கும் வேலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். வட்டி இரண்டு சதவீதம் ஏறி, வரவேண்டிய பணம் இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் தவணை கட்ட முடியுமானால், வாங்குங்கள். வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு இப்போதே மாதாமாதம் பணம் போகிறது, அதை இயந்திரம் மிச்சப்படுத்தும் என்றால் இன்னும் தைரியமாக வாங்கலாம். வட்டி இறங்கியது என்ற ஒரே காரணம்தான் இருக்கிறதென்றால் இப்போதைக்குப் பொறுங்கள். எப்படியிருந்தாலும் வீட்டை இந்தக் கடனுக்கு ஈடாக வைக்காதீர்கள். இயந்திரத்தையே ஈடாக ஏற்கும் கடன் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.