ஹாலில் கண் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஹாலில் சோபா, டிவி, புத்தக அலமாரி, பெரிய ஜன்னல், சுவரில் ஐந்தாறு படங்கள் எல்லாம் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் மட்டும் சாமான் போட்டு வைத்த அறை மாதிரி தெரிகிறது. புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ‘என்னைப் பார், என்னைப் பார்’ என்று கூப்பிடும் பொருட்கள்தான் உங்கள் ஹாலில் அதிகம். ஹாலுக்கு வேண்டியது ஒரே ஒரு மையம். ஃபோக்கல் பாயின்ட் என்று அதைப் பெரிதாகச் சொன்னாலும், வாசலில் நின்றதும் கண் முதலில் போய் நிற்கிற இடம், அவ்வளவுதான்.

இப்போது அது எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாசலில் நின்று போனில் ஒரு போட்டோ எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றி, திரையில் சின்னதாக்கிப் பார்த்தால் எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது டிவிதான், ஏனென்றால் வெளிர் நிறச் சுவரில் அணைத்து வைத்த டிவி ஒரு பெரிய கருப்புச் செவ்வகம்.

அடுத்தது, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இதில் கொஞ்சம் நேர்மை வேண்டும். தினமும் டிவி பார்க்கிற வீட்டில், ஓவியம்தான் மையம் என்று முடிவு செய்து சோபாவை அதன் பக்கம் திருப்பினால் எல்லோருக்கும் கழுத்து வலிதான் மிச்சம். அப்படியென்றால் டிவி சுவரையே மையமாக்குங்கள். அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் அடித்தால் கருப்புத் திரை அதற்குள் அடங்கிவிடும். கீழே டிவியைவிட அகலமான, உயரம் குறைந்த மேசை போடுங்கள், திரையின் நடுப்பகுதி உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில், தரையிலிருந்து சுமார் 40 அங்குலத்தில் வரட்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே மட்டும் டிவி வேண்டாம், பகலில் திரையில் படத்தைவிட ஜன்னலின் பிரதிபலிப்புதான் நன்றாகத் தெரியும்.

டிவி அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்றால் சோபாவுக்கு மேலே ஒரு பெரிய படம் போதும். பெரியது என்றால் சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும், சின்னப் படம் தொலைந்துபோனது போல் தெரியும். சோபாவின் முதுகிலிருந்து 6 முதல் 8 அங்குலம் இடைவெளி விடுங்கள். நம்மில் பலரும் படத்தை ரொம்ப மேலே மாட்டிவிடுகிறோம். சுவரில் துளை போடுவதற்கு முன் பழைய நாளிதழை அதே அளவுக்கு வெட்டி டேப்பில் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள், சரியில்லை என்றால் கிழித்துப் போட்டுவிட்டு இடம் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, மற்றவற்றை என்ன செய்வது? அடக்கி வையுங்கள். ஐந்தாறு படங்களையும் ஒரே சுவரில் 2 அங்குல இடைவெளியில் நெருக்கி மாட்டுங்கள், இல்லையென்றால் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே இருக்கும் பொம்மைகளைப் பாதியாகக் குறையுங்கள். ஜன்னல் திரை சுவர் நிறத்தை ஒட்டியே இருக்கட்டும்.

அப்புறம், நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் தள்ளி வைக்காமல், தேர்ந்தெடுத்த மையத்தைப் பார்த்துத் திருப்புங்கள். நடக்கிற வழிக்கு 30 அங்குலமாவது வேண்டும், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 16 முதல் 18 அங்குலம்.

பலரும் மறந்துவிடுவது வெளிச்சம். ஒற்றை ட்யூப்லைட் எல்லாவற்றுக்கும் சமமாக வெளிச்சம் போட்டுவிடுவதால், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த மையம் ராத்திரியில் காணாமல் போய்விடும். படத்துக்கென்று 2700 முதல் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வரையுள்ள மஞ்சள் சாயல் ஸ்பாட்லைட் ஒன்றைக் கூரையில் பொருத்தி, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்த்து வையுங்கள். அந்தச் சாய்வில் விழுந்தால் கண்ணாடி போட்ட படத்திலும் பளபளப்பு பெரிதாகக் கண்ணில் அடிக்காது.